நித்தியகல்யாணியும் இருபத்தைந்து டிகிரியும்

ஓர் அளவுக்கருவி எந்த வேலைக்காக வாங்கப்பட்டதோ அந்த வேலைக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். வேறு எதற்காகவும், பொறுப்பாளரின் எழுத்துமூலமான உத்தரவு இல்லாமல், அது அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. எங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. நல்ல விதி. என் பணிக்காலத்தில் நான் மனப்பாடம் செய்த விதிகளில், எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார் என்று நம்பக்கூடிய மிகச் சிலவற்றில் ஒன்று. 1975ஆம் ஆண்டுக் கோடையில், மரக்காணம் உப்பளத்தில், அந்த விதி செயல்பட்டிருக்க வேண்டும். செயல்படவில்லை. விதி குறிப்பிடும் அந்தப் பொறுப்பாளர் நான்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

கருவி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய். அடியில் ஈயக் குண்டு, மேலே காகிதத்தில் அச்சடித்த அளவுகோல். உப்புநீரில் மிதக்கவிட்டால், நீர் எவ்வளவு கனத்திருக்கிறது என்று டிகிரியில் காட்டும். அளத்தில் எல்லோருக்கும் அது டிகிரி மீட்டர். கடல்நீர் மூன்று டிகிரி சொச்சம். பாத்தி பாத்தியாக அது நகர்ந்து, வெயிலில் சுண்டச் சுண்ட எண் ஏறும். பதினைந்து வாக்கில் சுண்ணாம்புச் சத்து அடியில் படியும். இருபத்தைந்தில் உப்பு இறங்கும். பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதுவரை வெறும் தண்ணீர். அன்றைக்கு மத்தியானம் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு ஒன்று கட்டும், சாயங்காலத்துக்குள் அது உடைந்து அடியில் போய் வெள்ளையாக உட்காரும். நான் பட்டப்படிப்பில் வேதியியல் படித்தவன். அது ஏன் நடக்கிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியும். இருந்தும் ஒவ்வொரு வருடமும் முதல் உப்பு இறங்கும் நாளில் வரப்பில் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

முப்பதைத் தாண்டினால் கதை வேறு. மிஞ்சிய தண்ணீரில் கசப்பு ஏறிவிடும். அதை வாய்க்காலைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். விடாமல் வைத்திருந்தால் உப்பு முழுவதும் கசந்து, மாடுகூட நக்காது.

இந்த எண்களை எல்லாம் மீட்டர் இல்லாமலே சொல்லக்கூடிய ஒருவர் அளத்தில் இருந்தார். மேஸ்திரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். தண்ணீரில் விரலை விட்டு நாக்கு நுனியில் வைப்பார், "பத்தொம்போது" என்பார். நான் மீட்டரை மிதக்கவிட்டால் பத்தொன்பது காட்டும். ஒருமுறை அவரை மடக்குவதற்காக இரண்டு பாத்தித் தண்ணீரைக் கலந்து கொண்டுவந்தேன். நாக்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது எங்க பாத்தித் தண்ணி இல்ல. நீங்க ஏதோ கோல்மால் பண்ணிக்கினு வந்திருக்கீங்க. ஆனா இருபத்தொண்ணு" என்றார். இருபத்தொன்றுதான்.

அந்த மேஸ்திரிக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய அண்ணனுக்கும் அதே வியாதி. காலில் ஒரு சின்னக் கீறலில் ஆரம்பித்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகு அண்ணன் அளத்துப் பக்கம் வரவில்லை. மேஸ்திரிக்கு இருந்த பயம் இந்த ஒன்றுதான். உப்பளத்தில் காலில் கீறல் இல்லாத ஆள் என்றால் அது நாற்காலியில் உட்கார்ந்து பதிவேடு எழுதுகிறவன் மட்டும்தான். மற்றவர்களுக்குப் பாதம் வெடித்து வெடித்து, அதற்குள் உப்புநீர் புகுந்து, பருவம் முழுவதும் எரிந்துகொண்டே இருக்கும். "கால் போச்சுன்னா நான் மேஸ்திரி இல்ல சார், வெறும் நாக்கு" என்பார்.

அதனால் காலையில் எழுந்ததும் மணல்மேட்டுக்குப் போய் நித்தியகல்யாணிப் பூ ஏழு பறித்து வருவார். அந்தப் பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் கருவேல முள்ளே காய்ந்து தொங்குகிற மணலில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ரோஸ் நிறத்தில் பூத்துக்கொண்டிருக்கும். ஆடு அதைத் தொடாது. சுடுகாட்டில் தழைத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். அதில் ஏழு பூவைச் சுடுதண்ணீரில் போட்டு, நிறம் இறங்கியதும் ஒரு டம்ளர் குடிப்பார். அதனால் சர்க்கரை குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. கெடுதல் எதுவும் நடக்கவில்லை என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

அந்த வருடம் சித்திரையில் இலை லாரி வந்தது. தெற்கேயிருந்து வந்த ஏஜெண்டு ஒருவர், நித்தியகல்யாணி இலையையும் வேரையும் காயவைத்து மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கப்பலில் வெளிநாட்டுக்குப் போகிறதாம். ஒரு லாரி நிறைய இலையிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பிதான் கிடைக்குமாம். அந்தக் குப்பி, ரத்தத்தில் புற்று வந்த குழந்தைகளைப் பிழைக்க வைக்கிறதாம்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "சுடுகாட்டு மல்லிக்கு வந்த வாழ்வப் பாருடி, கப்பல் ஏறப் போவுதாம்!" என்றாள் ஒருத்தி. "நம்மளத்தான் எவனும் ஏத்தல" என்றாள் இன்னொருத்தி.

மேஸ்திரி சிரிக்கவில்லை. ஒரு லாரி இலை, ஒரு குப்பி என்பதையே யோசித்துக்கொண்டிருந்தார். கடல்நீரைப் பாத்தியில் வாங்கி உப்பாக்குகிற மனிதருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு இப்போது புரிகிறது. சுண்ட வைத்தால் நல்லது இறங்கும். அவருடைய வாழ்நாள் முழுவதும் தினமும் கண்ணால் பார்த்த உண்மை அது.

நாலைந்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், உங்க டிகிரி மீட்டர நாலு நாளு குடுங்க."

"உங்களுக்கு எதுக்கு மேஸ்திரி? விரல வச்சே சொல்லிடுவீங்களே."

"இது உப்புத் தண்ணி இல்ல சார். நித்தியகல்யாணி. ரெண்டு சாக்கு இலைய வேக வெச்சு வடிகட்டி எனாமல் தட்டுல வெயில்ல வெச்சிருக்கேன். நாக்குல வெக்கவே முடியல, அவ்ளோ கசப்பு. நாக்கு உள்ள வாங்கமாட்டேங்குது."

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அளத்திலேயே மிக நம்பகமான கருவி அந்த நாக்கு. அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதனால் அவர் கண்ணாடிக் குழாயைக் கேட்டு வந்திருக்கிறார். எனக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, இந்த ஆளுக்கு எப்படிப்பட்ட அறிவியல் மூளை என்பதுதான். மீட்டரைப் பெட்டியோடு எடுத்துக் கொடுத்தேன். பதிவேட்டில் 'நீர்ச் சோதனைக்கு' என்று எழுதினேன்; அதில் பொய் இல்லை. அதோடு நிற்கவில்லை. திரவம் சூடாக இருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும், அதற்கு எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாளில் அட்டவணையே போட்டுக் கொடுத்தேன். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவர் செய்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் செய்யும் எந்தச் சோதனையைவிடவும் ஒழுங்காகச் செய்தார். முதலில் படிந்த வண்டலை, அது சுண்ணாம்பு என்று நினைத்து, வடித்து எறிந்தார். தட்டுகளைக் காலையில் கிழக்கு வரப்பிலும் மத்தியானத்துக்கு மேல் மேற்கு வரப்பிலும் வைத்தார். தூசி விழாமல் மெல்லிய வேட்டித் துணியைக் கட்டினார். நாலாம் நாள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மீட்டரை மிதக்கவிட்டு, என் அட்டவணைப்படி சூட்டுக்குத் திருத்திக்கொண்டு, சரியாக இருபத்தைந்தில் எடுத்துவிட்டார். ஏன் இருபத்தைந்து என்றால், நல்லது இறங்குகிற இடம் அதுதான். முப்பதுக்குப் போனால் கெட்டது வந்துவிடும் என்று அங்கே போகவில்லை.

கடைசியில் இரண்டு பாட்டில் கிடைத்தது. எனக்குக் காட்டினார். கரும்பச்சை, கிட்டத்தட்டக் கறுப்பு. பாட்டிலைச் சாய்த்தால் திரவம் யோசித்து யோசித்து நகர்ந்தது. இரண்டு சாக்குப் பச்சை இலை இதற்குள் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கப்பல் ஏறிப் போய் வெளிநாட்டில் நடப்பதை நம் வரப்பிலேயே செய்துவிட்டாரே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அளத்தில் சர்க்கரைக்காரர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஸ்பூன் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. "மொதல்ல நான் ஒரு மாசம் குடிச்சுப் பாக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அப்புறம் உங்களுக்கு" என்றார். காலையில் ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஒரு ஸ்பூன். வாந்தி வராமல் இருக்க வெல்லத்தைக் கடித்துக்கொண்டு விழுங்கினார். சர்க்கரை வியாதிக்கு மருந்து, தொட்டுக்கொள்ள வெல்லம்.

முதல் வாரம் எறும்புச் சோதனை. அப்போது எங்கள் ஊரில் சர்க்கரையைப் பார்க்க எல்லோருக்கும் கைக்கு எட்டிய வழி அதுதான். சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது. அளத்து உப்பு மண்ணில் எறும்பு கிடையாது. அதனால் மணல்மேடு வரை நடந்து போய்ச் சோதித்துவிட்டு வருவார். "எறும்பு கம்மியாயிடுச்சி சார்" என்று தூரத்திலிருந்தே கத்துவார். பெண்கள், "எறும்பு எண்றதுக்கு ஒரு ஆபீசரப் போடச் சொல்லுங்க சார்!" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இரண்டாவது வாரத்தின் முடிவில் அவர் வந்த வேகத்தைப் பார்த்து ஏதோ விபரீதம் என்று நினைத்தேன்.

"சார், காலு எரியல!"

"என்ன மேஸ்திரி?"

"உப்புல நிக்கறேன், எரியவே இல்ல சார். பதினாலு வயசுல எறங்குனவன், ஒரு பருவம்கூட எரியாம இருந்ததில்ல. இப்போ பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குது. கைவிரல்கூட ஒரு மாதிரி ஜில்லுன்னு மதமதன்னு கீது."

நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம். இதை எழுதும்போது கை கூசுகிறது. உணர்வு போனதை நாங்கள் குணம் என்று கொண்டாடினோம். வேறு எந்த ஊரிலும் ஒருவன் கால் மரத்துப்போனால் பயப்படுவான். எரிச்சலையே ஆயுள் முழுக்கச் சுமந்தவர்களின் ஊரில்தான் அது வரம் மாதிரி வந்து நிற்க முடியும்.

அடுத்த வாரம் அவருடைய மனைவி, அவரும் அளத்தில் உப்பு வாருகிறவர்தான், அலுவலக வாசலுக்கு ஓடி வந்தார்.

"சார், வந்து இந்த ஆள என்னான்னு கேளுங்க. காலு கிழிஞ்சி ரத்தம் ஊத்துது. அது பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கினு போவுது சார்!"

போய்ப் பார்த்தேன். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளைப் பாத்தி. அதன் மேல் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை, ஒரு அடிக்கு ஒன்றாகச் சிவப்புத் தடம். முடிவில் மேஸ்திரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உப்புக் குவியலைப் பார்த்துச் சீட்டியடித்துக்கொண்டு நிற்கிறார். உப்பு வாரும் பலகையின் தகரவிளிம்பு உள்ளங்காலைக் கிழித்திருக்கிறது. கிழிந்த காலோடு இருபத்தைந்து டிகிரி உப்புநீரில் நின்றுகொண்டு ஒரு மனிதர் சீட்டியடிக்கிறார். நான் அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"மேஸ்திரி, கீழ பாருங்க" என்றேன்.

பார்த்தார். காலைத் தூக்கினார். காயத்துக்குள் விரலை வைத்து அழுத்தினார். முகத்தில் வலி இல்லை. மெதுவாகத்தான் அந்த முகத்துக்குப் புரிந்தது. அது புரிந்த கணத்தில் அவர் அண்ணனைத்தான் நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே காய்ச்சல். வாய் முழுக்கப் புண் என்பதையும், தலை சீவினால் முடி கொத்தாக வருகிறது என்பதையும் அதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். மறுநாள் விடிந்ததும் ஓர் உப்பு லாரியில் முன்சீட்டில் அவரைச் சாய்த்துவைத்து, கோட்டக்குப்பம் வழியாகப் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் சாதாரண விடுப்புக்கு முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன். அந்த நேரத்திலும் எனக்கு அது ஞாபகம் இருந்தது என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

வார்டில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "வெள்ளை அணு பாதாளத்துல இருக்கு. ஒரு சின்னக் கிருமி போதும், இவர் தாங்க மாட்டார். என்ன சாப்பிட்டார்?" என்றார்.

மேஸ்திரியின் மனைவி முந்தானைக்குள்ளிருந்து, பாதி தீர்ந்த பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"நித்தியகல்யாணி எலைங்க. சக்கரைக்கு."

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். வெளிச்சம் அதற்குள் நுழையவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இதுல இருந்து எடுக்கிற மருந்தைத்தான் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கிறாங்க. சொட்டுச் சொட்டா, நரம்புல ஏத்தி, தினம் ரத்தத்தை எண்ணிக்கிட்டே. அந்த அளவுலயே முடி கொட்டும், கால் மரத்துப் போகும். நீங்க எவ்வளவு சாப்பிட்டீங்க?"

மேஸ்திரி கண்ணைத் திறந்தார். வாய்ப்புண்ணுக்கு நடுவே, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "இருபத்தஞ்சு டிகிரி, மேடம்."

"ஜுரம் எவ்வளவுன்னு கேக்கல. மருந்து எவ்வளவு?"

"அதான் மேடம். இருபத்தஞ்சு டிகிரி. சூட்டுக்குத் திருத்திதான் எடுத்தேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: மீட்டர், அட்டவணை, பதிவேடு. வாக்குமூலம் மாதிரிதான் இருந்தது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை, கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க மீட்டர், தண்ணியில எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு சொல்லும். எது கரைஞ்சிருக்குன்னு சொல்லுமா?"

சொல்லாது. கல்லூரி முதல் வருடத்தில் படித்தது. உப்பளத்தில் கரைந்திருப்பது என்ன என்று முன்பே தெரியும். அதனால்தான் மீட்டர் அங்கே வேலை செய்கிறது. இலைச்சாற்றில் கரைந்திருந்தவை எத்தனை சரக்கோ, அவற்றில் எது குணம், எது விஷம், எது வெறும் பச்சை, எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அளந்தோம். தசமப் புள்ளி வரை திருத்தி அளந்தோம்.

நான் அசட்டுத்தனமாக, "ஏழு பூ குடிச்சப்போ இரண்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே டாக்டர்" என்றேன்.

"அந்தப் பூத்தண்ணி நல்லதுன்னு நான் எழுதித் தர மாட்டேன். அதுக்கும் யாரும் சோதனை பண்ணிப் பார்த்ததா எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. ஒரு ஸ்பூன்ல இருக்கறதை அவர் பழைய மாதிரி டம்ளர்ல குடிக்கணும்னா எத்தனை அண்டா குடிக்கணும்? வயிறு ஒத்துக்குமா? தண்ணிதான் காவலுக்கு நின்னுது. நீங்க காவல்காரனை வெயில்ல அனுப்பிட்டீங்க."

அந்த ஸ்பூனைப் பற்றி நான் இன்றுவரை யோசிக்கிறேன். மணல்மேட்டில் குழந்தைகள் பறித்துக் காதில் செருகிக்கொள்கிற பூ. அதே செடி. ஒரு முனையில் டம்ளரில் ஏழு பூ, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒன்று. இன்னொரு முனையில் சாகக் கிடக்கும் ஒரு குழந்தையை இழுத்து நிறுத்துகிற குப்பி. நடுவில் எங்கள் பாட்டில். இந்த மூன்றுக்கும் செடி ஒன்றுதான் என்ற நினைப்பு, அந்த வார்டு நாற்காலியில் என்னை அசைய விடாமல் உட்கார வைத்தது. இவ்வளவு பெரிய ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, அது சுடுகாட்டு ஓரம் சும்மா பூத்துக்கொண்டு நிற்கிறது.

அவரை ஒரு தனி மூலையில், திரை கட்டிப் போட்டார்கள். யாரும் அருகே போகக் கூடாது. ஒன்பது நாள் காய்ச்சல் இறங்கவில்லை. பிழைப்பாரா என்று அவர் மனைவி என்னைக் கேட்பார். நான் டாக்டரைக் கேட்பேன். டாக்டர், "நாளைக்கு ரத்தம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். காலில் காயம் வேறு. அது கறுக்க ஆரம்பித்தால் என்ன செய்வார்கள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

பத்தாம் நாள், திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சார் கீறீங்களா?"

"இருக்கேன் மேஸ்திரி."

"ஊருக்கெல்லாம் கசப்புத் தண்ணிய வெளிய விடுங்கடான்னு கத்துனவன் சார் நான். இது மொத நாளே கசந்துது. வெல்லத்த வெச்சி முழுங்கிட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "உப்பு எறங்குனா பாத்தியில தெரியும். இது எங்க எறங்கும்? எம்மேலதான் சார்."

பிறகு அவரே கேட்டார்.

"மீட்டரத் திருப்பிக் குடுத்துட்டனா சார்?"

"குடுத்துட்டீங்க."

"நல்லாக் கழுவித்தான் குடுத்தேன்."

அன்று மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. வெள்ளை அணுக்கள் திரும்பி வந்தன. நாளுக்கு நாள் டாக்டர் சொன்ன எண் ஏறியதை, முதல் உப்பு இறங்குவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லாத தண்ணீரிலிருந்து அது எப்படியோ வந்துவிடுகிறது. சர்க்கரைக்கு ஊசி போட்டார்கள். காலையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பாதத்தில் உணர்வு வரவில்லை. வருமா என்று கேட்டதற்கு டாக்டர், "அந்தப் பாட்டில்ல என்ன எவ்வளவு இருந்ததுன்னு தெரிஞ்சா ஏதாவது சொல்ல முடியும்" என்றார். உணர்வு வராமல் ஒரு சர்க்கரைக்காரர் உப்பளத்தில் இறங்கக் கூடாது. இறங்கினால் அடுத்த காயம் தெரியாமலே அண்ணனுக்கு நடந்தது அவருக்கும் நடக்கும். தொடாத இரண்டாவது பாட்டில் அவர் வீட்டில் இருந்தது. அதை வாங்கி, அரக்கு வைத்து மூடி, ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். நடைமுறை எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அந்த மனிதருக்கு என்னால் கொடுக்க முடிந்ததும் அதுதான்.

கடித வரைவில், மேற்படி திரவத்தை அளக்கப் பயன்பட்ட கருவி என்னால் விதிக்கு முரணாக வழங்கப்பட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மேலதிகாரி அதை மட்டும் சிவப்பு மையால் அடித்தார். "இந்த வரி எதுக்குய்யா? கேட்டாங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் ஆய்வகம், லேபிள் இல்லாததால் இது மருந்து ஆகாது என்று திருப்பியது. இரண்டாவது, உணவுப் பொருளா என்று கேட்டது. ஒருவர் தினமும் இரண்டு ஸ்பூன் உண்டார் என்று எழுதினேன். அதனால் மட்டும் உணவாகிவிடாது என்று பதில் வந்தது, அது நியாயம்தான். மூன்றாவது இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அமைதி. நெருக்கடி நிலை வந்துவிட்ட காலம். எல்லா அலுவலகங்களிலும் எல்லோரும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். பதில்கள் மட்டும் பழைய நேரத்துக்கே வந்தன. மூன்று நினைவூட்டுக் கடிதம் போட்டேன்.

மழை போய், தை மாதம் அடுத்த பருவம் ஆரம்பித்தது. மேஸ்திரி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரப்பில் மட்டும் நின்றார். பாத்திக்குள் இறங்கவில்லை, மனைவி இறங்கவிடவில்லை. விரலை நாக்கில் வைப்பது மட்டும் நடந்தது. அதில் ஒரு டிகிரி பிசகு வந்தது. அதை நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் கண்ணாடி வைத்துப் பார்ப்பார் அவர் மனைவி. டாக்டர் சொன்ன ஒழுங்கு அது. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நான் பார்த்த சோதனை முறைகளிலேயே எந்தக் கருவியும் பதிவேடும் இல்லாமல் சரியாக நடந்த சோதனை அது ஒன்றுதான்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். அளத்தில் கூச்சல். பெண்கள் கத்துகிறார்கள். போன வருடத்துச் சிவப்புத் தடம்தான் கண்முன் வந்தது. ஓடினேன்.

மேஸ்திரி பூட்ஸைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் பாத்திக்குள் ஒரு காலை வைத்திருக்கிறார். இப்போது ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார்.

"எரியுது சார்! அய்யோ, எரியுது!"

"வெளிய வாய்யா, கூறு கெட்டவனே!" என்று அவர் மனைவி கத்தினார். கத்திக்கொண்டே அழுதார்.

"இருடி. இன்னொரு காலும் எரியுதான்னு பாத்துட்டு வர்றேன்."

இன்னொன்றும் எரிந்தது. அன்று முழுக்க அளத்தில் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்கும் ஒரு விதி உண்டு.

புரட்டாசி பிறக்கும் சமயத்தில், பருவம் முடியப்போகும் நாளில், ஆய்வகத்திலிருந்து நீளமான காக்கி உறை வந்தது. பிரிக்காமல் வரப்புக்கு எடுத்துப்போனேன். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மனைவியும் வந்து நின்றார். நாலு பத்தி ஆங்கிலம். மாதிரி பெறப்பட்டது, அரக்கு முத்திரை சரியாக இருந்தது, தாமதத்துக்கு வருந்துகிறோம். நாலாவது பத்தியில்தான் விஷயம். படித்துத் தமிழில் சொன்னேன். இதிலுள்ள வீரியமான பொருட்கள் எவை, எவ்வளவு என்று அளக்கத் தகுந்த கருவி எங்களிடம் இல்லை. ஆகவே எதுவும் சொல்ல இயலவில்லை.

என் பணிக்காலத்தில் அரசு அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களில், தெரியாது என்று சொன்ன ஒரே கடிதம் அது. அதை அனுப்பியவரை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மேஸ்திரி உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அவ்ளோ பெரிய ஆபீஸ்லயே இல்லியா சார்?"

"இல்லையாம்."

"நாம அளந்துட்டமே சார்" என்றார். பிறகு பாத்திக்குள் இறங்கினார். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டே, விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தக் கடிதத்தில் வரவு முத்திரை குத்தினேன். 1976, செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை.